முன்பாரம்

“குதிரை தாண்டுவதற்கு முன்னாலேயே நீ தாண்டிவிடுகிறாய்” என்றார் பயிற்சியாளர்.

2018 அக்டோபர். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் ஒரு மேய்ச்சல் நிலம். எதிரே ஒரு மரக்கட்டை கிடந்தது. என் முழங்கால் உயரம்கூட இருக்காது. அதன் முன்னால் என் குதிரை பார்லி நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டான். நான் சேணத்தை விட்டு முன்னால் போய், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலையில் அது மூன்றாவது முறை.

பயிற்சியாளர் அறுபதைக் கடந்த பெண்மணி. இள வயதில் நிறையப் போட்டிகளைப் பார்த்தவர். சத்தம் போட மாட்டார். பக்கத்தில் வந்து பார்லியின் தோளில் கைவைத்தபடி சொன்னார்: “இவன் எழும்ப வேண்டுமானால் முன்னங்கால் இரண்டையும் தூக்க வேண்டும். நீ போய் அந்தக் கால்களின் மேலேயே உட்கார்ந்துகொண்டால் எப்படித் தூக்குவான்?”

அவர் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது ஒற்றைத் தமிழ்ச் சொல்லாகக் கேட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் காதில் விழாத சொல். முன்பாரம்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பழநியில் ஜட்கா ஓட்டினார். ரயிலடியிலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் பக்தர்களை அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடுவார். வண்டிக்கு இரண்டே சக்கரம். ஆட்கள் அச்சுக்கு முன்னால் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால், வண்டியின் நீள மரங்கள் இரண்டும் குதிரையின் முதுகை அழுத்தும். அது முன்பாரம். எல்லோரும் பின்னால் சரிந்தால் மரங்கள் மேலே தூக்கிக்கொண்டு, வயிற்று வார் குதிரையின் வயிற்றை இறுக்கும். அது பின்பாரம். இரண்டுமே குதிரைக்கு ஆகாது. அதனால் வண்டி கிளம்பியதும் தாத்தா முதல் நூறடிக்குள் கணக்குப் பார்ப்பார். திரும்பிக்கூடப் பார்க்காமல், “முன்பாரமா இருக்கு, ஒரு ஆள் பின்னாடி நகர்ந்துக்கங்க சாமி” என்பார். குதிரையின் நடையில் இருந்தே அவருக்கு அது தெரிந்துவிடும்.

லீவு நாட்களில் நானும் வண்டியில் இருப்பேன். ஏழெட்டு வயது. எனக்கு ஒரு வேலை இருந்தது: எடைக்கல் வேலை. ஏற்றம் வந்தால் தாத்தாவின் இடதுகை என்னை முன்னால் இழுத்துக்கொள்ளும். இறக்கம் வந்தால் அதே கை என்னைப் பின்னால் தள்ளும். “சாஞ்சுக்க கண்ணு, எறக்கம்” என்பார். வைக்கோலுக்கு மேல் விரித்த கோணிச் சாக்கில் நான் வழுக்கிக்கொண்டு போய்வருவேன். அந்தக் கையின் அழுத்தம் இப்போதும் என் விலாவில் இருக்கிறது.

அந்த மரக்கட்டையின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு 46 வயது. நான் மருந்தாளுநர், 2003-இல் இந்த நாட்டுக்கு வந்து ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மகனை எட்டு வயதில் ஒரு சவாரிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அவன் ஏறிய மட்டக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டம் சுற்றியவள். அவன் ஒரே வருஷத்தில் கால்பந்துக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. குதிரையின் கழுத்து வியர்வை வாசனை மூக்கில் பட்ட முதல் நாளே எனக்குப் பழநி ரயிலடி வந்துவிட்டது. 39 வயதில் சேணத்தில் ஏறினேன். 2016-இல் பார்லியை வாங்கினோம். கல்லூரிக்குப் போய்விட்ட ஒரு பெண்ணின் குதிரை. அயர்லாந்தில் பிறந்த காயடித்த ஆண் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு சுழி. சுழியைப் பார்த்துத்தான் முதலில் கை நீட்டினேன். தாத்தா எந்தக் குதிரையைப் பார்த்தாலும் முதலில் சுழி பார்ப்பார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: “அந்தச் சாண நாத்தத்துலேருந்து வெளிய வரத்தாண்டி உன்னைப் படிக்க வெச்சேன்.”

அவளுக்கு அது வேறு கதை. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஜட்காக்காரர் மகள்தான். குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்த பிறகுதான் வீட்டில் உலை ஏறும். இந்த ஊரில் குதிரை வைத்திருப்பது வசதியின் அடையாளம். அவள் வளர்ந்த வீட்டில் வேறொன்றும் இல்லாததன் அடையாளம். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. எனக்கும் அது புரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

நான் பழகியது ஈவென்டிங். அதைத் தமிழ் வாசகர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று சோதனை. முதலில் டிரெஸ்ஸாஜ்: 20-க்கு 40 மீட்டர் செவ்வகத்துக்குள் வட்டமும் வளைவுமாக, குதிரை எவ்வளவு இசைவாக நடக்கிறது என்று நடுவர் ஒவ்வோர் அசைவுக்கும் மார்க் போடுவார். அடுத்தது ஷோ ஜம்பிங்: தொட்டால் விழுகிற வண்ணக் கழிகளைத் தாண்ட வேண்டும், ஒன்று விழுந்தால் 4 புள்ளி அபராதம். மூன்றாவது கிராஸ் கன்ட்ரி: வயல், காடு, மேடு, பள்ளம், தண்ணீர் என்று திறந்தவெளியில் ஓட்டம். அங்கே தடைகள் விழாது. மரக்கட்டை மரக்கட்டையாகவே நிற்கும். குதிரை ஒருமுறை மறுத்தால் 20 புள்ளி. குறித்த நேரத்துக்கு மேல் போகிற ஒவ்வொரு நொடிக்கும் 0.4. எல்லாம் அபராதக் கணக்குதான். குறைவாக வாங்கியவர் ஜெயிக்கிறார்.

இது பட்டாளத்துக் குதிரைக்கான சோதனையாகப் பிறந்தது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் சேர்ந்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் கலந்துகொண்டார்கள். அணிவகுப்பில் அடங்கி நடக்குமா, போர்க்களத்தில் ஓடுமா, அத்தனை ஓட்டத்துக்கும் பிறகு மறுநாள் வேலைக்கு ஆகுமா? இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய போட்டிகளில் இன்றைக்கும் கிராஸ் கன்ட்ரி முடிந்த மறுநாள் காலையில் குதிரையை ஓட விட்டு, நொண்டுகிறதா என்று பார்த்த பிறகே அங்கே கடைசியாக வரும் ஷோ ஜம்பிங்குக்கு அனுப்புகிறார்கள். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு இந்த ஆட்டம் 1964-இல் டோக்கியோவில்தான் திறந்தது; அமெரிக்காவின் லானா டு பாண்ட் முதலில் ஓடினார், அணியோடு வெள்ளியும் வாங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் போட்டி இதில் கிடையாது. தடை ஒன்றுதான், கடிகாரம் ஒன்றுதான்.

2018 மே மாதம் பேட்மிண்டனுக்குப் போயிருந்தேன். இறகுப்பந்து விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த அதே மாளிகைதான். அங்கே 1949 முதல் ஈவென்டிங் நடக்கிறது. நியூசிலாந்தின் ஜோனெல் பிரைஸ், கிளாசிக் மோயே என்ற பெண் குதிரையில் அந்த வருஷம் ஜெயித்தார். 2007-க்குப் பிறகு அங்கே ஒரு பெண் ஜெயித்தது அப்போதுதான். அந்த மட்டத்தில் கட்டைகள் 1.20 மீட்டர் வரை இருக்கும், நிமிஷத்துக்கு 570 மீட்டர் வேகம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். குளம்புச் சத்தம் முதலில் உள்ளங்காலில்தான் கேட்டது. பிறகு குதிரை, பிறகு அதன் மூச்சு. மூன்றே நொடி. வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்: அடுத்த வருஷத்துக்குள் நானும் பார்லியும் ஒரு போட்டியாவது ஓட வேண்டும். மிகக் கீழ்மட்டமான 80 சென்டிமீட்டர் போட்டி போதும்.

அந்த ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூரின் ஃபவாத் மிர்சா ஈவென்டிங்கில் வெள்ளி வாங்கினார். 1982 டெல்லி விளையாட்டில் ரகுபீர் சிங் தங்கம் வாங்கியதற்குப் பிறகு, குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல்முறை. அம்மா பேப்பரில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். “நீ சொல்ற வெளாட்டுதானா இது?” என்றாள். ஆமாம் என்றேன். “ம்” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேப்பரை அவள் எடுத்து வைத்திருக்கிறாள் என்று தம்பி பிறகு சொன்னான்.

குளிர்காலப் பயிற்சி நடையோடு தொடங்கியது. போட்டிக்குத் தயாராவது என்றால் ஓட்டமும் தாண்டலும் என்று நினைத்திருந்தேன். பயிற்சியாளர் முதல் ஆறு வாரத்துக்கு நடையைத் தவிர எதையும் அனுமதிக்கவில்லை. தசைக்குச் சீக்கிரம் பலம் வந்துவிடும்; தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் இறுகும்; அதற்கு ஒரே மருந்து நடை என்றார். காலை ஐந்தே காலுக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு லாயத்துக்குப் போவேன். சாணம் அள்ளி, தண்ணீர் மாற்றி, பார்லியின் கால் சேற்றைத் துடைத்து, ஏழரைக்கு மருத்துவமனை. கிடைத்த நேரத்திலெல்லாம் குதிரைப் பாதையில் மேடேறி இறங்குவோம். அவனோடு அந்த மாதிரித் தனியாக இருந்த நேரம்தான் எனக்கு அந்த வருஷத்தில் கிடைத்த பெரிய செல்வம். தமிழில்தான் பேசுவேன். தாத்தா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘ட்ளக்’ என்று ஒரு சத்தம் எழுப்புவார். முத்து என்ற அவருடைய மட்டக் குதிரை உடனே நடையைக் கூட்டும். அயர்லாந்துக் குதிரைக்கும் அந்தச் சத்தம் புரிந்தது.

நடைக்குப் பிறகு இடைவெளி விட்டு ஓட்டம்: மூன்று நிமிஷம் கேண்டர் என்கிற மிதவேக ஓட்டம், மூன்று நிமிஷம் நடை, மறுபடி. இறங்கியதும் தாடை எலும்பின் கீழே இரண்டு விரல் வைத்து நாடி எண்ணுவேன். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 30 முதல் 40 வரைதான் துடிக்கும். மனுஷ நாடியில் பழகிய விரலுக்கு அது பயமுறுத்துகிற நிதானம். ஓட்டம் முடிந்த பத்து நிமிஷத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் அந்த எண்கள் இறங்கிக்கொண்டே வந்ததைப் பார்ப்பது, ஒரு நோயாளி தேறிவருவதைப் பார்க்கிற மாதிரியான சந்தோஷம்.

டிரெஸ்ஸாஜ் எனக்குக் கோலமாக வந்தது. அரங்கின் ஓரத்தில் எழுத்துகள் நிற்கும். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எங்கே 20 மீட்டர் வட்டம், எங்கே நடையை மாற்ற வேண்டும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். வரிசையாகப் படித்தால் நிற்கவில்லை. ஒரு நாள் இரவு சமையலறை மேடையில் அரிசி மாவைக் கொட்டி, ஒரே இழையாக, கையை எடுக்காமல் அந்தப் பாதையை வரைந்தேன். இரண்டாவது முறையே கை தானாகப் போனது. சின்ன வயதில் வாசலில் இழுத்த சிக்குக் கோலம் தலைக்கு மறந்தாலும் விரலுக்கு மறக்காது. இதுவும் அப்படியே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு திருப்பம்கூட மறந்ததில்லை.

முன்பாரம் மட்டும் போகவில்லை. நின்ற நிலையிலேயே குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்காலில்தான் தாங்குகிறது. அதன் மேல் ஓர் ஆள் பயத்தில் குனிந்தால், கட்டைக்கு முன்னால் அதற்கு வேறு வழியில்லை, நின்றுவிடும். எனக்கு அறிவில் எல்லாம் தெரிந்தது. தடை கிட்டே வந்ததும் மூச்சு நின்றது, கடிவாள வார் இறுகியது, தோள் முன்னால் போனது. பள்ளம் என்றால் இன்னும் மோசம். முக்கால் மீட்டர் அகலம்தான், ஒரு குழந்தை தாண்டிவிடும். ஆனால் நான் குனிந்து அதன் உள்ளே பார்ப்பேன். நான் பார்ப்பதை அவனும் பார்ப்பான்.

பயிற்சியாளர் சத்தமாக எண்ணச் சொன்னார், மூச்சு விடுவதற்காக. ஆங்கிலத்தில் எண்ணினால் இறுகிய குரலாக வந்தது. தமிழில் எண்ணினேன். கடைசி மூன்று அடிக்கு எண்ணை விட்டுவிட்டு, “சாஞ்சுக்க கண்ணு” என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதா, அவனிடம் சொன்னதா தெரியாது. பள்ளம் எங்கள் பின்னால் இருந்தது. பயிற்சியாளர், “என்ன சொன்னாய்?” என்று கேட்டார். ஜட்காவையும் எடைக்கல்லையும் சொன்னேன். அவர் அதை ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரத்திலிருந்து அவரும் மேட்டில் நின்றுகொண்டு “முன்பாரம்!” என்று கத்த ஆரம்பித்தார். றகரம் ரகரம் தெரியாத நாக்கில் அந்தச் சொல் கேட்க அவ்வளவு அழகாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, பார்லி கொட்டடியில் முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நின்றான். எலும்பு முறிந்த குதிரை அப்படித்தான் நிற்கும். என் கை நடுங்கியது. புறங்கையை மேலிருந்து கீழே ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டு வந்தேன். மூன்று குளம்பு ஜில்லென்று இருந்தது, ஒன்று கொதித்தது. குளம்புக்கு மேல் கணுவின் இரு பக்கமும் நாடி விரலைத் தள்ளுகிற அளவுக்கு அடித்தது. சீழ் கட்டியிருந்தது. லாடம் அடிப்பவர் வந்து லாடத்தைக் கழற்றி, கத்தியால் அடிக்குளம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். ஒரு மயிரிழை கறுப்புக் கோடு தெரிந்தது. அதைப் பின்தொடர்ந்து போனார். திடீரென்று சாம்பல் நிறத்தில் நீர் பீய்ச்சியது. அந்த நாற்றத்தோடு பார்லி ஒரு பெருமூச்சு விட்டு, தலையைத் தொங்கப் போட்டான். வலி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

வெந்நீரில் நனைத்த பற்றைக் குளம்பில் வைத்து, அதன் மேல் குழந்தைகளின் டயப்பரைச் சுற்றி, அகலமான டேப்பால் கட்டுவார்கள். இங்கே லாயத்துக்கு லாயம் அதுதான் முறை. குதிரையே இல்லாத வீட்டில்கூடக் கிடைக்கிற பொருள், ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கால் அளவுக்குச் சரியாக இருக்கிறது. கால்நடை மருத்துவர் ஃபீனைல்பியூட்டசோன் பொட்டலங்கள் தந்தார். ஒரு காலத்தில் மனுஷர்களுக்கும் மூட்டு வலிக்குக் கொடுத்த மருந்து அது. எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் ஒதுக்கினார்கள். போட்டியில் ஓடுகிற குதிரையின் உடம்பில் அது இருக்கக் கூடாது. பிப்ரவரிக்கும் ஏப்ரல் போட்டிக்கும் நடுவில் அதெல்லாம் வெளியேறிவிடும், சிக்கல் இல்லை. ஆனால் ஒரு மருந்தாளுநராக எனக்கு ஒன்று உறுத்தியது: இந்தப் பொடி வலியை மறைத்துவிடும், நான் அவனை நம்பி ஏறிவிடுவேன். மூன்று நாள் கொடுத்து நிறுத்தினேன். அதன் பிறகு என் புறங்கையைத்தான் நம்பினேன்.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“எந்தக் கால்?” என்றாள்.

“முன்னங்கால், இடது.”

“தவுடு வறுத்துக் கட்டுனியா? அப்பா தவுட்டுல உப்புப் போட்டு ஒத்தடம் வெப்பாரு.”

பழைய நாளில் நாங்களும் தவிடும் எப்சம் உப்பும்தான் கட்டுவோம் என்று லாடம் அடித்தவர் அன்று மாலைதான் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அம்மா பேச ஆரம்பித்தாள். ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் தாத்தாவின் குதிரைக்குக் காலில் நோவு வந்துவிட்டது. வருஷம் முழுவதும் கடன் வாங்கித் தின்றதைப் பூசத்து வருமானத்தில்தான் அடைப்பார்கள். ஊரே காவடியாக நிறைந்திருக்கிறது. ஒரு நடைக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறார்கள். தாத்தா வண்டியைப் பூட்டவில்லை. பாட்டி அழுதாள். பக்கத்து வண்டிக்காரர்கள், “ரெண்டு நடை ஓட்டுய்யா, ஒண்ணும் ஆவாது” என்றார்கள். அவர் இருபது நாள் திண்ணையில் உட்கார்ந்து, வேளைக்கு ஒரு தரம் எழுந்துபோய்க் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். “எனக்கு அப்ப ஒம்போது வயசு. அப்பா மேல அவ்வளவு கோவம். எங்களை விட அந்தக் குதிரை ஒசத்தியான்னு கேட்டேன்” என்றாள் அம்மா.

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, அது கால்ல வெச்சாரு. நெருப்பா இருந்துச்சு.”

அம்மா அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் அத்தனை நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஏப்ரலில் ஓடுவதாக இருந்த போட்டியை விட்டுவிட்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை. மார்ச் முழுவதும் மறுபடி நடை.

மே கடைசியில் வேறொரு போட்டி கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம் கைப்பட்டைக்குள் வைக்கும் மருத்துவச் சீட்டை நிரப்பினேன்: பெயர், சாப்பிடும் மருந்து, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கிராஸ் கன்ட்ரிக்கு விட மாட்டார்கள். பேனா கொஞ்ச நேரம் நின்றது. 1999-இல் ஒரே பருவத்தில் பிரிட்டனில் ஐந்து பேர் இந்த ஆட்டத்தில் இறந்தார்கள். குதிரையின் முன்கால் அசையாத தடையில் மாட்டி, அது தலைகுப்புறப் புரண்டு, ஆளின் மேல் விழுவதுதான் மிகப் பெரிய அபாயம். அதற்குப் பிறகுதான் அப்படி மோதினால் முறிந்துகொடுக்கிற ஆணிகள் தடைகளில் வந்தன. 80 சென்டிமீட்டரில் அந்த அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் ஐநூறு கிலோ எடை ஐநூறு கிலோதான். கணவரின் நம்பரை எழுதி, சீட்டை மடித்து வைத்தேன். எனக்குப் பயம் இருந்தது. பயத்தோடு போக வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது.

முதல் நாள் சாயங்காலம் பாதையைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தோம். 2,000 மீட்டர், 20 தடை. நிமிஷத்துக்கு 435 மீட்டர் என்ற கணக்கில் 4 நிமிஷம் 36 நொடி. ஒவ்வொரு தடைக்கும் வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளை. பதினொன்றாவது பள்ளம். அங்கே மட்டும் மூன்று தரம் போய் நின்றேன்.

விடியற்காலையில் பார்லியின் பிடரியைப் பின்னினேன். பதிமூன்று பின்னல். ஈரச் சீப்பால் வாரி, மூன்று புரியாகப் பிரித்து, இறுக்கிப் பின்னி, சுருட்டி நூலால் தைத்தேன். பக்கத்து டிரெய்லரில் இருந்த பெண்ணுக்கு ஐந்தாவதே முடியவில்லை. நான் முடித்துவிட்டு அவளுக்கும் போய்ப் பின்னிக் கொடுத்தேன். சடை பின்னத் தெரியாத பெண் எங்கள் பக்கம் ஏது?

டிரெஸ்ஸாஜில் 37.5 அபராதம். நடுவில் ஒருமுறை பார்லி தலையைத் தூக்கினான். மற்றபடி கோலம் இழை அறாமல் வந்தது. ஷோ ஜம்பிங்கில் கடைசிக் கழி விழுந்தது, நான்கு புள்ளி. இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கிராஸ் கன்ட்ரி புறப்படும் இடத்தில் மூன்று பக்கம் அடைத்த சிறு கட்டம் இருக்கும். ஐந்து, நான்கு, மூன்று என்று கீழ்நோக்கி எண்ணுவார்கள். பார்லி முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். ஆசையின் நடுக்கம் அது. நான் மூச்சை வெளியே விட்டேன். கிளம்பினோம்.

முதல் இரண்டு தடையும் கால்பட்டது தெரியாமல் போயின. மூன்றாவது, காட்டின் விளிம்பில் ஒரு சாதாரண உருளை மேடை. முந்தைய சாயங்காலம் சாய்ந்த வெயில் உள்ளே விழுந்து அது பளிச்சென்று தெரிந்தது. இப்போது உச்சி வெயில். மே மாதத்து இலைக் கூரைக்குக் கீழே அந்த இடம் கன்னங்கரேல் என்று கிடந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக குதிரையின் கண்ணுக்கு நம்மை விட அதிக நேரம் பிடிக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், பள்ளத்தைப் பற்றிய நினைப்பில் இதை வேகமாகக் கடக்கப் பார்த்தேன். நின்றுவிட்டான். நான் அவன் கழுத்தில் இருந்தேன். 20 புள்ளி. தடைக்காவலர் கையை உயர்த்திக் குறித்துக்கொண்டார்.

தப்பு முழுக்க என்னுடையது. அவன் காதைத் திருப்பி என்னைக் கேட்டான். நான் பின்னால் நகர்ந்து சேணத்தில் உட்கார்ந்தேன். அவனை வட்டமாகத் திருப்பி, நிழலுக்குள் இரண்டு அடி நடக்கவிட்டு, அவன் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன். மறுபடி வந்தோம். ‘ட்ளக்.’ தாண்டினான்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. தண்ணீரில் இறங்கும்போது வாரை நழுவவிட்டேன். இறக்கத்தில் இருந்த கட்டைக்கு விலாவில் ஒரு கை என்னைப் பின்னால் தள்ளியது. ஒன்பது, பத்து. பதினொன்றாவது பள்ளத்தை நான் குனிந்து பார்க்கவில்லை. அதற்கு அப்பால் நின்ற ஓக் மரத்தைப் பார்த்தேன். பார்லி ஓட்டத்தின் ஓர் அடியைக் கொஞ்சம் நீட்டி வைத்தான். அவ்வளவுதான். ஏழு மாதமாக நான் பயந்த இடம் ஒரு நீட்டிய அடியில் முடிந்துவிட்டது. வாய்விட்டு அழுதுகொண்டே பன்னிரண்டாவதைத் தாண்டினேன்.

முடித்தபோது 5 நிமிஷம் 1 நொடி. 25 நொடி கூடுதல், 10 புள்ளி. மொத்தம் 71.5. பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தோம்.

இறங்கி, சேணத்தைத் தளர்த்தி, நடக்கவிட்டேன். மகன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். கால்களைக் கழுவி, நாடி இறங்கும்வரை நிழலில் சுற்றி வந்தோம். பிறகு டிரெய்லர் பலகையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஆகியிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஓடி முடிச்சிட்டோம்மா” என்றேன். எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்பாள் என்று நினைத்து, சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன்.

“கால் தொட்டுப் பாத்தியா?” என்றாள்.

“கழுவிட்டேன். இன்னும் பாக்கல.”

“போனை வெச்சுட்டுப் போயி மொதல்ல அதைப் பாரு. புறங்கையால பாரு. நாலையும் பாரு.”

“சரிம்மா.”

“வைக்காத, வைக்காத. பாத்துட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

போனைப் புல்லில் வைத்துவிட்டு, பார்லியின் இடது முன்னங்காலின் பக்கத்தில் குந்தினேன்.